மாப்பிள்ளை வேன் பின்னால் போகாது

“டர்ன் லெஃப்ட்” என்றாள் போனுக்குள் இருந்த பெண்.

டிரைவர் டினேஷ் இடப்பக்கம் திருப்பினான். வேன் ஒரு குலுக்குக் குலுக்கியது. நடு சீட்டில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்த என் அண்ணனின் தலைப்பாகை கூரையில் இடித்து ஒரு காதுப் பக்கம் சரிந்தது. மல்லிகை வாசமும், அத்தை முழங்காலில் பூசியிருந்த தைல வாசமும், பின் சீட்டுச் சீர்த்தட்டுகளில் இருந்த லட்டு வாசமும் ஒன்றாகக் கலந்து எல்லோர் மூக்கிலும் ஏறின.

நான் ஜன்னல் வழியே பார்த்தேன். நல்ல தார் ரோடு எங்களை விட்டுவிட்டுத் தன்பாட்டில் பசறைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் ஏறிய பாதையின் நடுவில் புல் முளைத்திருந்தது.

கலியாணக் கோயிலுக்குப் போகிற பாதையில் புல் முளைக்குமா?

வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். ஆனால் அன்று காலை என் வாய் சூடத்தால் பூட்டப்பட்டிருந்தது.

வெற்றிலைத் தட்டு விமானம்

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: விமானம் ஏன் விழுந்தது என்று யாராவது எங்காவது எழுதியிருந்தால் எனக்கு அது வேண்டும். பண்டாரவளையில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டுக்கு வந்தால் விபத்து அறிக்கை. பாட்டுக் கேட்டுக்கொண்டு துணி மடிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். நான் கறுப்புப் பெட்டியின் கடைசிப் பேச்சைப் படித்துக்கொண்டு மடிப்பேன். இத்தனைக்கும் விமானத்தில் ஒரு தரம்கூட ஏறியதில்லை.

அண்ணன் ஏறியிருக்கிறான். வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில் அவனுக்கு வேலை. இறங்கி ஓடிவருகிற விமானத்துக்கு முன்னால் நின்று, இரண்டு கையிலும் வெளிச்சக் குச்சி பிடித்து, “வா, வா, கொஞ்சம் இடது, போதும், நில்” என்று கையாலேயே சொல்லி அதன் இடத்தில் நிறுத்துகிறவன். எங்கள் பூனாகலைத் தோட்டத்து லயத்தில் மாட்டைக் கட்டுத்தறிக்குக் கொண்டுவருவது போலத்தான் என்பான்.

பசறைக்கு இந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் நிரோஷா. முன்பள்ளி ஆசிரியை. அண்ணனும் அவளும் போனிலேயே பேசிப் பேசிக் காதலித்தவர்கள். எங்கள் வீடு சம்மதித்தது. அவள் வீடும் முக்கி முனகிச் சம்மதித்தது. பரிசம் போடப் போனோம். அங்கேதான் வந்தது வினை.

நிரோஷாவின் அப்பா, நான் மாமா என்று கூப்பிடுகிறவர், சகுனம் பார்க்காமல் சட்டைப் பொத்தானைக்கூடப் போடமாட்டார். தேத்தண்ணி குடித்துக்கொண்டே அண்ணனிடம் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

“பிளேன் ஓட்டுறது ரொம்ப கஷ்டமான வேலைங்களா தம்பி?”

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன்.

“இல்லைங்க மாமா. மேல ஏறினதும் மெஷின்தான் ஓட்டும்.”

“அப்ப பைலட்டு?”

“பாத்துக்கிட்டு இருப்பாரு. சாப்புடுவாரு.”

மாமா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். அதை நான் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன். பரிசத் தட்டை எடுத்து, வெற்றிலையை உடம்பாகவும் பாக்கை மூக்காகவும் வைத்து, கடலுக்கு மேலே பறக்கவிட்டேன். வேகம் காட்டுகிற கருவியில் பனி அடைத்துவிடுகிறது. மெஷினுக்குக் குழப்பம். குழம்பிய மெஷின் என்ன செய்யும்? “இனி நீயே பார்த்துக்கொள்” என்று சட்டென்று கையை எடுத்துவிடும். மணிக்கணக்காகச் சும்மா இருந்த மனிதர் திடுக்கிட்டு மூக்கை மேலே தூக்குகிறார். தூக்கக் கூடாது. தூக்கினால் வேகம் குறையும், காற்று இறக்கையைத் தாங்காது, அப்புறம்…

அப்புறம் தட்டு சாய்ந்தது. வெற்றிலையும் பாக்கும் மஞ்சளும் மாமாவின் காலடியில் கொட்டின.

அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, என்னைப் பார்த்த பார்வைக்கு எந்த அறிக்கையிலும் பெயர் இல்லை.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழை இல்லை, அதை இன்றைக்கும் சொல்வேன். ஆனால் மாமா அதற்குப் பிறகு இறங்கிவரப் பல நாள் பிடித்தது. இறங்கிவந்தபோதும் ஒரு நிபந்தனையோடு வந்தார்.

“கொட்டுனது ஒரு சகுனம். போவட்டும். முகூர்த்தத்துக்கு மாப்பிள்ள வரலன்னா அது ரெண்டாவது சகுனம். மூணாவதுக்கு நான் காத்துக்கிட்டு இருக்கமாட்டேன்.”

குறித்தது ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம். பத்தரையோடு முடியும். தப்பினால் அடுத்தது ஆடி, கலியாணம் கிடையாது. ஆடி முடிவதற்குள் அண்ணனின் லீவு முடிந்துவிடும். திரும்பி வர இரண்டு வருடம். அதுவரை மாமா சகுனத்தை மறந்திருப்பாரா? அவர் அப்படிப்பட்டவரில்லை.

அதனால் புறப்படுவதற்கு முன் அத்தை சூடத்தைக் கொளுத்தி என் முன்னால் நீட்டினார்.

“அடி. தாலி ஏறுற வரைக்கும் பிளேனுங்கிற பேச்சே ஒன் வாயில வரக்கூடாது. விழுந்தது, மோதுனது, ஒன்னும் வரக்கூடாது. அடி சத்தியம்.”

அடித்தேன்.

மேடம்

சொந்தக்காரர்கள் ஏறிய பஸ் விடியவே கிளம்பி, பதுளையைச் சுற்றிப் பழைய வழியில் போய்விட்டது. பரிசத்துக்கும் நாங்கள் அந்த வழியில்தான் போயிருந்தோம். மாப்பிள்ளை வேனில் மட்டும் அண்ணன், அப்பா, அத்தை, நான், டிரைவர் டினேஷ்.

டினேஷ் எல்ல என்கிற சுற்றுலா ஊரில் வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்குகிற பொடியன். பிறந்தது இதே மாகாணம். ஆனால் போன் சொல்லாமல் பக்கத்துக் கடைக்குக்கூடப் போகமாட்டான். போனுக்குள் பேசும் பெண்ணுக்கு அவன் வைத்த பெயர் மேடம்.

“எல்லயில இருந்து நமுனுகுல பக்கமா போனா நேரம் மிச்சம்னு மேடம் சொல்றாங்க” என்றான்.

“யாருடா அந்தப் பொம்பள?” என்றார் அத்தை. “முன்ன பின்ன தெரியாதவ. கலியாணமாகாத பையன் வண்டிக்குள்ள ஒக்காந்து அங்க திரும்பு இங்க திரும்புன்னு.”

“மெஷின்தான் அத்தை” என்றான் அண்ணன்.

“மெஷினுக்கு எதுக்கு இவ்வளவு இனிப்பான கொரலு?”

ஆனால் நேரம் மிச்சம் என்ற சொல் அத்தையையும் மயக்கியது. மேடத்துக்கு அனுமதி கிடைத்தது.

முதல் பாதி அருமையாகப் போனது. மேடம் சொல்வாள், டினேஷ் திருப்புவான், வளைவு சரியாக வரும். கொஞ்ச நேரத்தில் எங்களில் ஒருவரும் வெளியே பார்க்கவில்லை. அண்ணன் சேலை நிறம் பற்றி நிரோஷாவுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். அத்தை கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மெஷினை நம்புவதில் உள்ள ஆபத்து, அது தப்புச் செய்யும் என்பதில் இல்லை. அது இருபது தரம் சரியாகச் செய்யும். இருபத்தொன்றாம் தரம் நாம் லட்டு எண்ணிக்கொண்டிருப்போம்.

அப்போதுதான் அந்த இடது திருப்பம்.

புல்லுக்குப் பிறகு ஒரு ஆடு வந்தது. பாதை தன்னுடையது என்பது போல நின்று பார்த்தது. பிறகு ஒரு மஞ்சள் பலகை, கச்சான் காற்றில் குப்புற விழுந்து கிடந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று தரைக்குத்தான் தெரியும்.

விபத்து அறிக்கைகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். பக்கத்தில் இருக்கும் இளைய விமானிக்கு ஏதோ பிழை என்று தெரியும். ஆனால் மூத்தவரிடம் “நிறுத்துங்கள்” என்று சொல்லமாட்டார். “மழை கொஞ்சம் பலமா இருக்கு இல்லையா சார்” என்பார். குறிப்பால் உணர்த்துவார். மூத்தவருக்கு உறைக்காது.

எங்கள் வேனில் அந்த வேலை அப்பாவுடையது. அக்காவுக்கு எதிரே குரல் உயர்த்தி அறியாதவர்.

“இங்க தேயில நல்லா வந்திருக்கு” என்றார் அப்பா.

“ம்” என்றார் அத்தை.

கொஞ்ச தூரம் போனது.

“பஸ் ஒன்னும் எதுக்க வரல” என்றார் அப்பா.

“அதான் நல்லது. ரோடு ஃப்ரீயா இருக்கு” என்றான் டினேஷ்.

நான் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த எச்சரிக்கை எல்லாமே விமானத்தில் தொடங்குகிறவை.

அடுத்த வளைவில் சிக்னல் போனது. மேடம் பாதிச் சொல்லில் நின்றுவிட்டாள். டினேஷ் பிரேக் போட்டான். ஒரு கையால் போனைத் தட்டினான்.

“மேடம் பேசலையே அக்கா” என்றான் என்னைத் திரும்பிப் பார்த்து.

“நீ பேசேன்! ஒனக்கு வாய் இல்லையா?” என்றார் அத்தை.

ஐந்து பேர், ஐந்து போன். ஐந்து கைகளும் ஜன்னல்களுக்கு வெளியே வானத்தைப் பார்த்து நீண்டன. தூரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நாங்கள் அரோகரா போடுவது போல இருந்திருக்கும். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மலையிலேயே பிறந்து மலையிலேயே வளர்ந்த ஐந்து பேர்.

“முன்னால போ. வழி எங்கயாச்சும் போய்த்தானே சேரணும்” என்றார் அத்தை.

சேர்ந்தது. ஒரு கொழுந்து மடுவத்தில். பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கிற கொட்டகை. பெண்கள் பையோடு வரிசையில் நின்றார்கள். அதற்கு அந்தப் பக்கம் பாதை இல்லை. போன ஐப்பசி மழையில் மலை பாதியாக வழிந்து, பாதையையும் எடுத்துக்கொண்டு கீழே போயிருந்தது. சிவப்பு மண் இன்னும் ஆறாத புண் போலத் திறந்து கிடந்தது.

சரிவின் விளிம்புக்குக் கொஞ்சம் முன்னால் டினேஷ் நிறுத்தினான். அந்த நேரம் பார்த்துச் சிக்னல் திரும்பியது. மேடம் உயிர் பெற்றாள்.

“யூ ஹேவ் அரைவ்ட். யுவர் டெஸ்டினேஷன் இஸ் ஆன் த ரைட்.”

வலப்பக்கம் பார்த்தோம். பள்ளம். பள்ளத்தின் அடியில், நெருப்புப் பெட்டி அளவில், ஒரு கோயில் கூரை. வாழைமரம் கட்டிய பந்தல். பூனாகலையிலிருந்து போன எங்கள் பஸ். காற்று வாக்கில் நாதஸ்வரம்கூடக் கேட்டது.

மேடம் பொய் சொல்லவில்லை. மலை சரிந்ததை அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நடுவில் ஒரு மலை

அந்த விளிம்பில் நின்றபோது எனக்கு நினைவு வந்தது மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னி மலை. வேனுக்குள் சொல்ல முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

அப்பா கைக்குழந்தையாக இருந்த காலம். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு விமானம் கிழக்கிலிருந்து வந்தது. வழியில் நம் இலங்கையில் இறங்கிப் போக வேண்டும். இருட்டு. எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று கணக்குப் போட்டுக் காட்ட உள்ளே ஒரு கருவி. அதைப் பார்த்து, விமான நிலையம் பக்கத்தில் வந்துவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைத்தார்கள். வந்திருக்கவில்லை. நடுவில் மலை இருந்தது. ஒருவரும் மிஞ்சவில்லை.

சிவனொளிபாத மலைக்குப் போகிற வழியில், நோட்டன் பிரிட்ஜில் அந்த விமானத்தின் சக்கரம் ஒன்றை வைத்திருப்பார்கள். சின்ன வயதில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்தேன். என் உயரத்துக்குக் கிட்ட இருந்தது. கறுப்பு ரப்பர். தொட்டுப் பார்த்தேன், வெயிலில் சுட்டது. அதில் வந்தவர்கள் எல்லாரும் சாமி கும்பிடப் போனவர்கள் என்று அப்பா சொன்னார். நான் அறிக்கை படிக்கத் தொடங்கியது வேறு எதனாலும் இல்லை. விழுந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஏன் என்று ஒருவராவது சொல்ல வேண்டாமா?

சரி. விளிம்புக்குத் திரும்புவோம்.

தலைப்பாவுக்கு ரெண்டு கிலோ

மடுவத்துப் பெண்கள் எங்களைப் பார்த்துவிட்டார்கள்.

“அடியே, இங்க பாருங்கடி, மாப்பிள்ளைய கொண்டாந்து எறக்கிட்டாங்க! யாருக்கு வேணும்?”

“எனக்கு வேணாந்தாயே, வீட்டுல ஒன்னு தூங்கிக்கிட்டு கெடக்கு.”

“தராசுல போடுங்க கணக்கப்புள்ள! தலைப்பாவுக்கு ரெண்டு கிலோ கழிச்சிட்டு எழுதுங்க. எங்களுக்கு மட்டும்தான் கழிப்பீங்களா?”

பைக்கும் ஈரத்துக்கும் என்று தினமும் அவர்கள் கொழுந்தில் கிலோவைக் கழித்து எழுதுகிற கணக்கப்பிள்ளையே சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. அவன் போன் அடித்தது. நிரோஷா. எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான்.

“எங்க இருக்கீங்க?”

“மேல.”

“மேலன்னா?”

“ஒங்க கோயில் கூரை தெரியுது.”

“அப்ப வாங்களேன்!”

“நடுவுல ரோடு இல்ல நிரோ. மண்ணு சரிஞ்சிருக்கு. சுத்தித்தான் வரணும்.”

அந்தப் பக்கம் நாதஸ்வரத்துக்கு மேலே குரலை உயர்த்தினாள்.

“ஐயருக்குப் பதுளையில இன்னொரு கலியாணமாம், பைய கட்டுறாரு. அப்பா வாட்ச பாத்துக்கிட்டே இருக்காரு. நீங்க வாங்க. இங்க நான் பாத்துக்கிறேன்.”

வைத்துவிட்டாள்.

சரிவில் நடந்து இறங்கலாமா என்று அண்ணன் கேட்டான். மடுவத்துப் பெண்கள் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். முந்தாநாள்கூட ஒரு மாடு மண்ணில் புதைந்து, கயிறு போட்டு இழுத்தார்களாம். இருந்தது ஒரே வழி. வந்த பாதையிலேயே பின்னால் போய், ஆடு நின்ற இடத்தில் திருப்பி, தார் ரோட்டைப் பிடிக்க வேண்டும். மடுவத்து முன்னால் வண்டி திருப்புகிற இடத்தில் பாதியைச் சரிவு தின்றிருந்தது. மீதியில் கொழுந்து டிராக்டர் பழுதாகி நின்றது.

டினேஷ் ரிவர்ஸ் கியரைத் தொட்டான்.

“கைய எடு!” என்றார் அத்தை.

எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. மாப்பிள்ளை வண்டி வாசலை விட்டுக் கிளம்பினால் தாலி ஏறும்வரை பின்னால் போகக்கூடாது. முன்னால்தான் போக வேண்டும். சுற்றலாம், வளையலாம், ரிவர்ஸ் மட்டும் கூடாது. அத்தைக்கு இதற்கு ஆதாரமும் உண்டு.

“பெரகலயில ஒரு மாப்பிள்ள கார் ரிவர்ஸ் எடுத்துச்சி. தீபாவளிக்குள்ள பொண்ணு தாய்வீட்டுல!”

அந்த மாப்பிள்ளை காலையிலேயே சாராயம் குடிக்கிறவர் என்று ஊரெல்லாம் தெரியும். அத்தையின் அறிக்கையில் அது சேர்க்கப்படவில்லை.

அப்பா கெஞ்சினார். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டான். அத்தை அசையவில்லை. தெரிந்த ஒரே வழியைப் பிடித்துக்கொண்டு, முன்னால் மலை வந்தாலும் போவேன் என்று நிற்பதற்கு விமானிகள் நடுவில் ஒரு பெயரே உண்டு. எனக்கு வாய் துடித்தது. சூடம் கண் முன்னால் எரிந்தது.

இரும்புப் பறவை

“அத்தை” என்றேன். “ஒரு பறவை.”

“என்னா பறவை?”

“இரும்புப் பறவை. உள்ள ஆளுங்க இருக்காங்க.”

“ஏய்! சத்தியம்!”

“இது விழல அத்தை. இது விழாத பறவை. எறங்க வருது, எறங்குற எடத்துல ஏதோ சரியில்ல. என்ன செய்யும்? பிடிவாதம் புடிச்சு எறங்குனாத்தான் மோசம். திரும்ப மேல ஏறி ஒரு சுத்து சுத்தி வரும். அதுல ஒரு வெக்கமும் இல்ல. நல்ல பைலட்… நல்ல பறவைக்காரரு அப்பிடித்தான் செய்வாரு.”

அத்தை யோசித்தார். “சுத்தட்டும். சுத்துறது முன்னால போறதுதானே. அது பின்னால போவுதா?”

இதற்குப் பதில் அண்ணனிடம் இருந்தது.

“போகும் அத்தை. தெனமும் நான் பாக்குறேன். கட்டடத்துக்கு மூக்க காட்டிக்கிட்டு நிக்கும். கெளம்பணும்னா முதல்ல பின்னாலதான் வரணும். டிராக்டர் வச்சுத் தள்ளுவோம். ஆயிரம் மைல் போற பறவையும் முதல்ல பின்னாலதான் போகுது.”

“டிராக்டர்தானே தள்ளுது. அதா போகலையே” என்றார் அத்தை. வக்கீலுக்குப் படித்திருந்தால் எங்கள் குடும்பம் எங்கேயோ போயிருக்கும். “உள்ள இருக்கவங்க எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருப்பாங்க?”

“முன்னால.”

“அப்ப அவங்க முதுகுப் பக்கமா போறாங்க. அதான் கூடாதுங்கிறேன். மனுசன் முதுகு காட்டிக்கிட்டுக் கலியாணத்துக்குப் போகக்கூடாது.”

சொல்லிவிட்டு அத்தை நின்றார். தான் சொன்னதைத் தானே ஒரு தரம் காதால் கேட்டது போல இருந்தது. வேனின் முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார்.

“எந்திரிடா.”

“என்னா அத்தை?”

“பின்சீட்டுக்குப் போ. பின் கண்ணாடிய பாத்து மண்டி போடு. ஒன் மூஞ்சி எந்தப் பக்கமோ அந்தப் பக்கந்தான் ஒனக்கு முன்னால. வண்டி எப்பிடிப் போனா எனக்கென்னா? மாப்பிள்ள முன்னால போகணும், அவ்வளவுதான்!”

மடுவத்தில் குலவை வெடித்தது. சீர்த்தட்டுகள் எங்கள் மடிக்கு வந்தன. தலைப்பாகை இடித்ததால் அண்ணன் அதைக் கழற்றி அப்பாவின் தலையில் வைத்தான். பின் சீட்டில் மண்டியிட்டுப் பின்கண்ணாடியைப் பார்த்தான்.

டினேஷ் ரிவர்ஸ் போட்டான். முன்னால் இருந்த சின்னத் திரை எரிந்தது. திரை முழுக்க ஒரு ரோஜாப்பூ. பின்பக்கக் கெமராவின் மேல் மாலை கட்டியிருந்தார்கள்.

“கெமரா இல்லாம எனக்கு ரிவர்ஸ் வராது அக்கா” என்றான் என்னிடம், அழப்போகிற குரலில்.

“மாலைய கழட்டிருவோமா?” என்று கேட்ட என் வாயை அத்தையின் கண் அடைத்தது.

“டினேஷ்” என்றான் அண்ணன், திரும்பாமல். “மேல உள்ள கண்ணாடியில என் கைய மட்டும் பாரு. எந்தக் கைய நீட்டுறேனோ அந்தப் பக்கம் வால் போகணும். ரெண்டு கையும் குறுக்க போட்டா நில்லு. வேற ஒன்னையும் பாக்காத.”

வீட்டில் அண்ணன் ஒரு வாய் பேசமாட்டான். பரிசத்தன்றும் பேசவில்லை. அந்தக் குரலை நான் அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன். அங்கே தார் மைதானத்தில், இரைச்சலில், வீடளவு எந்திரம் ஒன்று அவனை நோக்கி வரும்போது இருக்கிற குரல் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு கையில் பூச்செண்டு. இன்னொரு கையில் மோதிரம். பூச்செண்டு நீண்டது, வேன் அந்தப் பக்கம் ஒதுங்கியது. மோதிரம் நீண்டது, இந்தப் பக்கம். ஒரு வளைவில் பின்சக்கரம் விளிம்புக்கல்லைத் தட்டியது. அண்ணனின் இரண்டு கைகளும் தலைக்கு மேல் குறுக்காக நின்றன. வேன் நின்றது. ஜன்னலுக்குக் கீழே தேயிலைச் செடிகளின் உச்சிதான் தெரிந்தது. பூச்செண்டு மெல்ல, மிக மெல்ல, உள்பக்கம் அசைந்தது. டினேஷ் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. வால் உள்ளே வந்தது.

“அக்கா, நல்லா போகுது போல” என்றார் அப்பா, தலைப்பாகையோடு.

“வாய மூடு, மாப்பிள்ள வேலையில இருக்காரு” என்றார் அத்தை.

ஆடு அதே இடத்தில் நின்றது. அண்ணன் அதற்கும் கைகாட்டினான். அது ஒதுங்கியது.

மணையில் ஒருத்தி

வேனைத் திருப்பியதும் அத்தை மேடத்தை வாங்கித் தன் மடியில் போட்டு, அதன்மேல் வெற்றிலைப் பையை வைத்து அழுத்தினார். “மேக் எ யூ-டர்ன்” என்று பைக்குள் இருந்து ஒரு முனகல் வந்துகொண்டே இருந்தது. நாங்கள் ஜன்னலைத் திறந்து எதிரே வந்தவர்களிடம் எல்லாம் கேட்டுக்கொண்டே போனோம். வழி வாயிலே இருக்கிறது என்பார்களே, அப்படி. ஒரு பால்காரர் கடைசி வளைவுவரை முன்னால் மோட்டார் சைக்கிளில் ஓடிக் காட்டினார்.

பந்தல் வாசலில் மாமா நின்றார். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. தோற்றுப்போன ஒரு களைப்பு.

“உள்ள போங்க” என்றார். “ஒருத்தி என்னைய ஊருக்கு முன்னால கூத்தாடியாக்கிட்டா.”

உள்ளே போனோம். மணவறையில் இரண்டு மணை. மாப்பிள்ளை முதலில் உட்கார்ந்து, பிறகு பெண்ணை அழைத்து வருவதுதான் முறை. இங்கே ஒரு மணை காலி. பக்கத்து மணையில், ஒருவரும் அழைக்காமலே வந்து, சம்மணம் போட்டுக் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தாள் நிரோஷா. ஐயர் பையைத் தோளில் மாட்டியபடி, போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் நின்றார்.

நடந்ததை அவளுடைய சித்தி என் காதில் மூச்சுவிடாமல் சொன்னார். ஐயர் பையைக் கட்டியதும் இவள் அறையிலிருந்து தானே நடந்துவந்து உட்கார்ந்துவிட்டாளாம். எந்திரி என்று மாமா சொன்னாராம். மணையில் உட்கார்ந்த பெண் தாலி ஏறாமல் எழுந்தால் அதைவிடக் கெட்ட சகுனம் உலகத்தில் இல்லையே அப்பா, நீங்கதானே இதெல்லாம் பாக்குறவரு என்றாளாம். அதற்குப் பிறகு மாமாவும் வாயைத் திறக்கவில்லை, ஐயரும் வாசலைத் தாண்டவில்லை.

அண்ணன் ஓடிப்போய் உட்கார்ந்தான். தலைப்பாகை அப்பா தலையிலேயே இருந்தது. எடுத்துவரச் சொல்ல ஒருவருக்கும் நேரமில்லை. மேளம் முழங்கியது. பத்தரைக்கு முன்னால் தாலி ஏறியது. எவ்வளவு முன்னால் என்று கேட்காதீர்கள். மாமா அதற்குள் மணிக்கட்டைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்.

“எந்திரிங்க, அக்கினிய சுத்தி வாங்க” என்றார் ஐயர், ஒரு கண் வாசலில்.

அண்ணன் எழுந்தான். நிரோஷா எழவில்லை.

“என்னா?” என்று குனிந்து கேட்டான்.

“எவ்வளவு நேரமா ஒக்காந்திருக்கேன். ரெண்டு காலும் மரத்துப் போச்சு.” புருசனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அண்ணன் ஒரு கையைப் பிடித்துத் தூக்கினான். பாதி எழுந்து, “ஆ” என்று அவன் மேலேயே சாய்ந்தாள். பந்தல் முழுக்கச் சிரிப்பு. யாரோ ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அதற்குள் மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மகளின் இன்னொரு கையைத் தன் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒரு பக்கம் மாப்பிள்ளை, ஒரு பக்கம் பெண்ணைப் பெற்றவர், நடுவில் நொண்டிக்கொண்டு பெண். மூன்று பேர் அக்கினியைச் சுற்றுகிற முறை எந்தச் சாத்திரத்திலும் இல்லை. ஐயர் மந்திரத்தைத் தொடர்ந்தார்.

“அப்பா, மெதுவா. ஊசி ஊசியா குத்துது.”

“இனி என்னா அவசரம்?” என்றார் மாமா. “மெதுவாவே வா.”